நீலகிரியில் அரசுத் தொழிற்பயிற்சி: ஒருங்கிணைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாவட்டத்துக்குப் புதிதாக வரும் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்கள், வட்டார அளவில் ஆள் சேர்க்கும் பணியாளர்கள், சென்டர் நடத்துபவர்கள், சில சமயம் பெற்றோர் எனப் பலரும் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சமவெளியில் இதே வேலையைப் பார்த்துவிட்டு மலையேறி வருபவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பேட்சைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பாடத்திட்டம் அல்ல, பஸ் நேரமும் மழை மாதமும்தான். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

ஒருங்கிணைப்பாளர் என்றால் என்ன வேலை? வகுப்பும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். வகுப்பெடுக்க டிரெய்னர் இருக்கிறார். மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஆள் வருவார். வேலை கொடுக்க முதலாளி இருக்கிறார். இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பதால்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். எந்த ஊரில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று விசாரிப்பது, அதற்கு அரசின் பயிற்சி ஒதுக்கீடு வாங்குவது, பிள்ளைகளைச் சேர்ப்பது, பேட்ச் உண்மையிலேயே ஓடுகிறதா என்று போய்ப் பார்ப்பது, மதிப்பீட்டுத் தேதிக்கு நச்சரிப்பது, சான்றிதழ் கைக்கு வரும்வரை துரத்துவது, வேலையில் சேர்ந்த பிறகும் ஆறு மாதம் போன் போடுவது எல்லாம் உங்கள் வேலை. ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டத் திறன் குழுவுக்கு அறிக்கை தயாரிப்பதும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

இத்தனை அலுவலகங்கள் இருக்கின்றனவே, யாரிடம் எதற்குப் போவது?

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் கீழ் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்), தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் ஆகியவை வரும். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. குறுகிய காலப் பயிற்சிகளுக்குத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் அதன் கையில்தான். கிராமத்து ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா 2014-ல் வந்தது. இதைத் தமிழ்நாட்டில் மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் நடத்துகிறது. ஊரில் போய் அந்த நீளப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது, 'மகளிர் திட்டம் ஆபீஸ்' என்றால் உடனே வழி சொல்வார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ தனியாகப் பயிற்சி தருகிறது. சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியைப் பார்த்து நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு அது. சாப்பாடு, தங்குமிடம் உட்பட எல்லாம் இலவசம்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், ஒரே பெண்ணின் பெயர் மூன்று அலுவலகங்களின் பட்டியலிலும் இருக்கும், பயிற்சியோ ஓரிடத்திலும் நடந்திருக்காது. மாதம் ஒருமுறை இந்த அலுவலகத்துக்காரர்கள் எல்லாரும் ஒரு டீக்குடிக்கும் நேரம் உட்கார்ந்து பட்டியல்களைச் சேர்த்துப் பார்த்தால் போதும். ஆளைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், போன் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே ஹட்டியில் (படுகர் ஊர்) ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

எந்தத் தொழிலுக்குப் பயிற்சி வைப்பது? மேலிடத்திலிருந்து வரும் பட்டியலில் நூறு தொழில் இருக்கிறது.

பட்டியலை மூடி வைத்துவிட்டு ஊருக்குள் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இயந்திரம் நின்றுபோனால் கோவையிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கிறீர்கள்? இதற்குக் கிடைக்கும் பதில்தான் நீங்கள் வைக்க வேண்டிய பயிற்சி.

தேயிலை பேக்டரியில் கேட்டால் வாடல் தொட்டிக்குக் காற்று தள்ளும் ஃபேன் மோட்டார், கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரின் பல் மழுங்குவது, டிரையரில் சூடு நிற்காமல் போவது என்று வரிசையாகச் சொல்வார்கள். ரோலரின் பல்லைக் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை தீட்டியாக வேண்டும், இல்லையென்றால் தூளின் தரம் போய்விடும், ஏலத்தில் விலை விழும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். எஸ்டேட்டிலும் சிறு விவசாயிகளிடமும் ஆள் பற்றாக்குறையால் கொழுந்து பறிக்கும் இயந்திரமும் கவாத்து இயந்திரமும் வந்துவிட்டன. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டத் தெரிந்த பையனுக்குக் கோத்தகிரி பக்கம் வருடம் முழுக்க வேலை உண்டு. கேத்தி பாலாடா பக்கம் போனால் கேரட் கழுவும் இயந்திரங்கள்: மோட்டார், பெல்ட், பேரிங், பம்பு. ஊட்டியிலும் குன்னூரிலும் காட்டேஜுக்குக் காட்டேஜ் சுடுதண்ணீர்க் குழாய், கீசர், சோலார் ஹீட்டர். பிளம்பரும் வயர்மேனும் ஒரே ஆளாக இருந்தால் அவர் போன் ஓயாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் எல்லாச் சென்டரும் தையலும் கம்ப்யூட்டரும் நடத்துகின்றன? பத்து மெஷின் அல்லது பத்துக் கணினி, ஒரு ஹால், முடிந்தது. வெல்டிங் வைத்தால் மும்முனை மின்சாரம் வேண்டும், கம்பி வேண்டும், ராடு வேண்டும், தினமும் செலவு. தையல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தைத்ததை வாங்க மலையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள் என்கிறேன்.

எந்த மாதத்தில் பேட்ச் தொடங்கலாம்?

சமவெளிக்காரர்கள் இங்கே வந்து முதலில் சறுக்குவது இதில்தான்.

ஏப்ரலும் மே மாதமும் சீசன். மலர்க் கண்காட்சி, கூட்டம், டிராஃபிக். ஹோட்டலிலும் கடையிலும் பார்க்கிங்கிலும் தினக்கூலிக்கு ஆள் எடுப்பார்கள். மார்ச்சில் தொடங்கிய மூன்று மாதப் பேட்சிலிருந்து பாதிப் பையன்கள் ஏப்ரலில் காணாமல் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த இரண்டு மாதச் சம்பாத்தியத்தில்தான் பல வீடுகளில் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையின் உச்சம். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அந்த வாரம் யாரும் வகுப்பைப் பற்றி யோசிக்கவில்லை. சாதாரண வருடத்திலும் மரம் விழுந்து சாலை அடைபடும், இரண்டு மூன்று நாளுக்குக் கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாமல் வயரிங் செய்முறை என்ன நடத்துவது? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இது குன்னூர், கோத்தகிரி பக்கத்து மழை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும் காலம். 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் பயத்தோடுதான் பேசுவார்கள்.

ஆகவே கூடலூர், பந்தலூரில் செப்டம்பரில் தொடங்கி சீசனுக்கு முன் முடித்துவிடுங்கள். குன்னூர், கோத்தகிரியில் மூன்று மாதப் பேட்ச் என்றால் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்து ஏப்ரல் பாதிக்குள் மதிப்பீட்டையும் முடித்துவிட வேண்டும். அல்லது ஜூன் பாதியில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிக்கலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். காலை எட்டரைக்கு வகுப்பு வைத்தால் வருகைப் பதிவேடு காலியாகவே இருக்கும், ஒன்பதரைக்கு வையுங்கள்.

சிக்கல் என்னவென்றால் ஒதுக்கீடு உங்கள் மழையைப் பார்த்து வருவதில்லை, நிதியாண்டைப் பார்த்து வருகிறது. 'மார்ச் 31-க்குள் தொடங்குங்கள்' என்று உத்தரவு வரும். அப்போது எல்லாரையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவதைவிட, எந்த ஊர்ப் பேட்சை எந்த மாதத்தில் தொடங்க முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, முந்தைய வருடத்து வருகைப் பதிவேட்டு நகலையும் இணைத்து, கருத்துருவாக முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எல்லா அதிகாரியும் கேட்டுக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில் இருந்தால் பின்னால் இடைநிற்றலுக்கு விளக்கம் கேட்கும்போது உதவும்.

சென்டரை ஊட்டியிலேயே வைத்தால் எல்லாருக்கும் பொதுவாக இருக்காதா?

இருக்காது. ஊட்டியிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால் இன்னொரு 25. அத்தனையும் மலைப்பாதை. தினமும் போய்வர யாராலும் முடியாது. தங்கிப் படிக்க ஹாஸ்டல் இருந்தால் ஊட்டி, இல்லையென்றால் அவரவர் பக்கத்திலேயே நடத்துவதுதான் வழி.

கூடலூர், பந்தலூரில் சென்டர் பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) வரைக்கும் நடக்க வேண்டிய தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டினால் யானை. 'ரோட்டுல ஆனை நிக்குது சார்' என்று ஒரு பெண் போன் செய்தால் அது வராமலிருக்கச் சொல்லும் சாக்கு அல்ல. மூன்று மணிக்கு வகுப்பை முடித்து, குறையும் நேரத்தைச் சனிக்கிழமை ஈடுகட்டுவது நல்லது. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை லோடு தாங்கும் என்பதையும் அங்கே கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். உரிமை யாருக்கு என்று தீராமல் கிடக்கும் ஜென்ம நிலப் பிரச்சினையால் இணைப்பே கிடைக்காத கட்டடங்கள் அந்தப் பக்கம் உண்டு.

ஹாஸ்டல் பற்றி ஒரு ஆதங்கம். பயிற்சிக்கு எவ்வளவு பணம் தருவது என்று வகுக்கும் மத்திய அரசின் பொதுச் செலவு விதிகளில் வடகிழக்கு மாநிலங்கள், இமாச்சலம், உத்தராகண்ட் போன்றவற்றுக்குக் கூடுதல் விழுக்காடு உண்டு. மாநிலத்தைப் பார்த்துத் தரப்படுவதால் நீலகிரிக்கு அது இல்லை. கம்பளியும் சுடுதண்ணீரும் மட்டும் இமாச்சலத்துக்கு வேண்டிய அளவு இங்கேயும் வேண்டியிருக்கிறது.

வருகைப் பதிவு பயோமெட்ரிக்கில் விரல் விழவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பத்து வருடம் கொழுந்து பறித்த பெண்ணின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, ரேகை இருந்த இடம் வழவழவென்று இருக்கும். ஜனவரிக் காலைக் குளிரில் விரல் விறைத்துப்போனால் இருக்கிற ரேகையும் படியாது. அந்தப் பெண் ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து எடுப்பார், மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை நீளும். மூன்றாவது நாள் அவர் வராமல் நின்றுவிடுவார். பதிவேட்டில் 'ஆர்வமின்மை' என்று எழுதுவார்கள்.

ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வையுங்கள். விரலை நனைத்துத் துடைத்து வைத்தால் பலருக்கு விழும். கொழுந்து பறிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சுண்டுவிரல், மோதிரவிரல் தேய்ந்திருக்காது, அவற்றை முயலச் சொல்லுங்கள். சேர்க்கைக்கு முன்பே ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கச் சொல்வது இன்னும் நல்லது. முகம் காட்டிப் பதியும் வசதி அந்தத் திட்டத்தில் இருந்தால் முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துங்கள். எப்படி இருந்தாலும் கையெழுத்துப் பதிவேடு ஒன்றைத் தனியாக வைத்து, சிக்னல் இல்லாத நாளைக் காரணத்தோடு குறித்து, அன்றே மேலே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சேர்க்கைக்கு என்னென்ன ஆவணம்? எதில் அதிகம் மாட்டிக்கொள்வோம்?

ஆதார், ரேஷன் கார்டு, படித்த சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு. மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று, டிசியில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். இதைச் சேர்க்கையன்றே திருத்தாவிட்டால் சான்றிதழில் தப்பான பெயர்தான் அச்சாகும். இரண்டு, உதவித்தொகை. ஆதார் வழியாக அனுப்பும் பணம் நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குப் போகும். 'பணம் வரவில்லை' என்று வருபவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும், எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில்.

இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று வாங்குவது இன்றும் இழுபறிதான். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த தாத்தா பாட்டியின் காகிதங்களைத் தேடச் சொல்வார்கள். தாயகம் திரும்பியோர் அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.

பழங்குடிப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்கிறார்களே?

யார் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள். இவர்களை ஒரே கூட்டமாக நினைத்துத் திட்டம் போடுவதிலேயே பாதிப் பிரச்சினை ஆரம்பமாகிறது. இரும்பு வேலையும் மர வேலையும் தலைமுறையாகச் செய்துவந்த கோத்தர் வீட்டுப் பையனுக்கும், தினக்கூலிக்கு எஸ்டேட் போகும் பணியர் வீட்டுப் பையனுக்கும் தேவை ஒன்றல்ல.

பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள் நின்றுபோவதற்கு நான் பார்த்தவரை மூன்று காரணம். அன்றன்றைக்குக் கூலி வராமல் வீடு ஓடாது. மாதக் கடைசியில் வரும் உதவித்தொகை அதற்கு உதவாது. இருபத்தைந்து பேர் பேட்சில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரே ஒருவர் இருந்தால் அவர் நிலைக்க மாட்டார். மூன்று நாலு பேராகச் சேர்த்தால் ஒருவர் வராத நாளில் மற்றவர் இழுத்துக்கொண்டு வருவார். மூன்றாவது, பேச்சு. டிரெய்னர் சமவெளித் தமிழில் வேகமாகப் பேசி, பதில் சொல்லாதவரை 'இதுங்களுக்கு ஒண்ணும் ஏறாது' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். மறுநாள் நாலு பேரும் வர மாட்டார்கள். இது டிரெய்னரைப் பற்றி எழுத வேண்டிய குறிப்பு. பிள்ளைகளைப் பற்றி எழுதிவிடுகிறார்கள்.

அந்தக் குடியிருப்பிலேயே படித்த ஒரு பெண்ணையோ பையனையோ உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பிருந்தால் சென்டரை விட்டுவிட்டு அவர்கள் இருக்கும் இடத்திலேயே வகுப்பை வையுங்கள். சாவு, கோயில் விசேஷம் என்றால் மொத்தக் குடியிருப்பும் போகும், அந்த நாட்களை முன்பே கேட்டு விடுமுறையாக்கிவிடுங்கள். தீன்தயாள் திட்டத்தில் வயது வரம்பு பொதுவாக 15 முதல் 35 என்றாலும் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், இப்படிப்பட்ட தொல்குடியினருக்கும் 45 வரை உண்டு. இது தெரியாமல் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சென்டரில் 'பதிவுக் கட்டணம்' கேட்கிறார்கள். கட்டலாமா?

மேலே சொன்ன இலவசத் திட்டங்களில் சேர யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை. கேட்டால் ரசீது கேளுங்கள். கொடுக்கமாட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி நிறுவனத்துக்கு அரசு எப்படிப் பணம் தருகிறது? ஒருங்கிணைப்பாளர் ஏன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பணம் வரும் வழியைத் தெரிந்துகொண்டால் யார் எந்த நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்பது தெரிந்துவிடும். 2015-ல் வந்த பொதுச் செலவு விதிகளின்படி பேட்ச் தொடங்கியதும் 30 விழுக்காடு, பயிற்சி முடிந்து சான்றிதழ் பெற்றதும் 50, வேலையில் அமர்த்தியதைக் காட்டிய பிறகு 20. அதாவது தொடக்கத்தில் தலைகளை எண்ணிக் காட்டுவதில் லாபம், முடிவில் வேலை வாங்கித் தருவதில் லாபம் குறைவு, அலைச்சல் அதிகம். முதல் வாரம் முப்பது பேர் உட்கார்ந்திருந்த ஹாலில் ஐந்தாவது வாரம் பன்னிரண்டு பேர் இருப்பதற்கு இது ஒரு காரணம். அதனால் தொடக்க விழாவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்தாவது வாரம் போய் நில்லுங்கள்.

ஆய்வுக்குப் போனால் எதைப் பார்ப்பது?

பதிவேட்டையும் போட்டோவையும் காட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள், அப்புறம் பின்பக்கம் போய்க் கழிவு போடும் டிரம்மைப் பாருங்கள். வெல்டிங் நடந்திருந்தால் தீர்ந்த ராடு முனைகள் கிடக்கும், வெட்டிய கம்பித் துண்டு கிடக்கும். வயரிங் நடந்திருந்தால் உரித்த பிளாஸ்டிக் தோல் குவிந்திருக்கும், சுவர்ப் பலகையில் ஆணி அடித்த ஓட்டைகள் இருக்கும். எல்லாம் புத்தம் புதிதாகப் பளபளவென்றிருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு ஸ்விட்ச், ஒரு பல்பு, கொஞ்சம் ஒயர் கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள். பேசவிட்டுக் கேட்டால் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

மூன்று மாதப் பயிற்சியா, ஐடிஐயா? என் பையன் பத்தாவது பாஸ்.

பத்தாவது பாஸ் ஆகி, வீட்டுச் சூழ்நிலை இரண்டு வருடம் தாங்கும் என்றால் ஐடிஐ. யோசிக்கவே வேண்டாம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம், எட்டாவது போதும். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. (குன்னூர் ஏற்றத்தில் சைக்கிளை வைத்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள், திட்டம் மாநிலம் முழுமைக்குமானது.) அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேர்ந்து வரும். பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பெண்களுக்கு ஐடிஐ சேர வயது உச்சவரம்பும் இல்லை. இதைக் கேட்டு ஆச்சரியப்படாத அம்மாக்களை நான் பார்த்ததில்லை.

பெற்றோர் மனதில் வேறொன்று இருக்கும். 'ஐடிஐ முடிச்சா எச்பிஎஃப்ல, கார்டைட்ல வேலை' என்ற காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையான எச்பிஎஃப் மூடியாகிவிட்டது. 1904-ல் தொடங்கிய அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் அந்த ஒரு கேட்டை நம்பி எல்லாப் பிள்ளைகளையும் அனுப்ப முடியாது. இதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

குறுகிய காலப் பயிற்சி யாருக்கு? படிப்பை எப்போதோ விட்டவர்களுக்கு, குழந்தை பெற்று வீட்டில் இருப்பவர்களுக்கு, உடனே சம்பளம் தேவைப்படுபவர்களுக்கு.

இருபது வருடமாக வயரிங் செய்கிறேன், காகிதம் ஒன்றுமில்லை. எனக்கு என்ன வழி?

உங்களைப் போன்றவர்களை உட்காரவைத்து மின்சாரம் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித்தருவது வீண். இரண்டு வழி உண்டு. முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் பயிற்சி, சில நாட்களில் முடியும். அதைவிட உங்களுக்குப் பயன்படுவது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் வேண்டும். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டியதுதான். ஒருங்கிணைப்பாளர்களுக்கு: அறிவிப்பு வந்ததும் எலக்ட்ரிக்கல் கடைகளில் ஒட்டுங்கள். ஆபீஸ் நோட்டீஸ் போர்டை வயர்மேன் யாரும் பார்ப்பதில்லை.

தேயிலை பேக்டரி நடத்துகிறேன். தொழிற்பழகுநர் எடுத்தே ஆகவேண்டுமா?

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது. 2019 விதித்திருத்தப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் கட்டாயம், 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். எண்ணிக்கை மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 விழுக்காடு. ஒப்பந்தத் தொழிலாளர்களும் கணக்கில் வருவார்கள், இதை மறந்துவிட்டு 'எங்களிடம் இருபது பேர்தான்' என்று சொல்லாதீர்கள். அந்தத் திருத்தத்தில் மாத உதவித்தொகை தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தார்கள். அதில் கால்பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கும்.

முதலாளிகள் தயங்குவது பணத்துக்காக அல்ல, போர்டலுக்காக. பதிவு, ஒப்பந்தம், மாதாமாதம் வருகை என்று நுழைக்க அவர்களிடம் ஆள் இல்லை. ஒரு நாள் போய் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பதிவை நீங்களே போட்டுக்கொடுங்கள். அடுத்த வருடம் அவர்களே கூப்பிடுவார்கள்.

கோவை, திருப்பூரில் வேலை வாங்கிக் கொடுத்தால் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள். என்ன செய்ய?

வெயில், தண்ணீர், எட்டுப் பேர் தங்கும் அறை. சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் பார்த்தால் ஊரில் கேரட் அறுவடைக்குப் போனதைவிடக் குறைவாக இருக்கும். திரும்பி வருபவர் கணக்குத் தெரிந்தவர்.

சேர்க்கும்போதே சம்பளத்தைச் சொல்லாதீர்கள், கைக்கு மிஞ்சுவதைச் சொல்லுங்கள். பயிற்சிக் காலத்திலேயே ஒருமுறை கீழே கூட்டிப்போய் வேலை செய்யும் இடத்தையும் தங்கும் அறையையும் காட்டுங்கள். அங்கிருந்தே இரண்டு மூன்று பேர் விலகுவார்கள், அது நல்லதுதான். தீன்தயாள் திட்டத்தின் நெறிமுறைகளில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் ஆதரவுத் தொகை வகுக்கப்பட்டிருந்தது: சொந்த மாவட்டத்துக்குள் 2 மாதம், மாநிலத்துக்குள் 3, வெளிமாநிலத்தில் 6. உங்கள் பேட்சுக்கு எந்த நெறிமுறை பொருந்துமோ அதைப் பார்த்து, முதல் மாதமே அது கைக்கு வரும்படி செய்யுங்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன்புதான் பையில் காசில்லாமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மேட்டுப்பாளையம், காரமடை வரை வேலை தேடிப் பாருங்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோக முடிகிற தூரத்தில் ஆள் நிலைக்கிறார்.

கைக்குழந்தை இருக்கும் பெண்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். அங்கன்வாடிக்குப் பக்கத்தில் சென்டரை வையுங்கள், அங்கன்வாடி நேரத்துக்குள் வகுப்பை முடியுங்கள்.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், அசாம் குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால்?

எந்தத் திட்டம் மாநில இருப்பிடச் சான்று கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்குப் போய் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் மொழி தடை. அவர்களுக்குச் செய்முறையை அதிகமாக்குங்கள்.

இரண்டு வருடம் கழித்துச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று வருகிறார்கள். என்ன செய்வது?

மழைக்காலத்துக்குப் பிறகு இது அதிகமாகும், ஓட்டு வீட்டில் ஒழுகி எல்லாம் நனைந்திருக்கும். ஐடிஐ தேசியச் சான்றிதழும் திறன் இந்தியா சான்றிதழ்களும் டிஜிலாக்கரில் எடுக்கலாம், ஆதாரோடு இணைத்த போன் எண் வேண்டும். அந்த எண் மாறியிருந்தால் முதலில் ஆதார் மையம். சான்றிதழ் கொடுக்கும் நாளிலேயே ஒவ்வொருவர் போனிலும் டிஜிலாக்கரைத் திறந்து சேமித்துக் கொடுத்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவிலும் அந்தத் தகுதியைச் சேர்த்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது. அரைநாள் வேலை. உங்கள் கோப்பில் ஒரு நகல், மதிப்பெண் தாளோடு, போன் எண்ணோடு இருக்கட்டும்.